பொயிலருக்குப் போன காடு

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவதற்கு முந்தின நாள்தான் கேசினி அந்த வெடிப்பைக் கண்டாள். குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்துக்குப் பின்னால், காடு வெட்டித் துப்புரவாக்கிய சரிவில், புதிதாக நட்ட கன்றுகளைப் பார்த்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். சப்பாத்து எதிலோ இடறியது. குனிந்து பார்த்தால் தரை கோடாகப் பிளந்திருந்தது. விரல் நுழையும் அகலம்தான். ஆனால் அது அந்த இடத்தோடு முடியவில்லை. புல்லுக்குள் மறைந்து, லொறிப் பாதையைக் குறுக்கே அறுத்து, அப்பால் தேயிலைக்குள் புகுந்து, மலையின் தோளை வளைத்துக்கொண்டு போயிருந்தது. அந்த வளைவுக்குள்ளே, நேர் கீழே, லயத்தின் தகரக் கூரைகள் தெரிந்தன. யாரோ அடுப்பு மூட்டியிருந்தார்கள். புகை மெல்ல ஏறி அவள் நின்ற இடம்வரை வந்தது.

வெயிலுக்கு மண் வெடிப்பதுதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகும் கால் அந்தக் கோட்டைத் தாண்ட மறுத்தது.

அவள் பதுளையில் பிறந்தவள். தகப்பன் பருத்தித்துறையிலிருந்து கச்சேரிக்கு அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகி வந்து, வந்த இடத்திலேயே தங்கிப்போனவர். பேராதனையில் படித்து முடித்த கேசினிக்கு, பதுளைக்கும் பசறைக்கும் நடுவிலிருந்த ஆடைத் தொழிற்சாலையில் சுற்றாடல் அதிகாரி என்று ஒரு வேலை கிடைத்தது. அந்தக் கதிரையில் அவளுக்கு முன் யாரும் உட்கார்ந்ததில்லை. முதல் வருடம் முழுக்கக் குப்பைக் கூடைகளுக்கு நிறம் பூச வைத்ததைத் தவிர அவளுக்கும் பெரிதாக வேலை இருக்கவில்லை.

எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோதுதான் நிலைமை மாறியது. தைத்த உடுப்பை அழுத்துவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பொயிலர் என்ற கொதிகலன் வேண்டும், பொயிலர் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. அதே சமயத்தில் உடுப்பு வாங்கும் ஐரோப்பியக் கம்பனியும் ஒரு நிபந்தனை போட்டது. இனிமேல் பூமிக்குக் கேடு செய்யாமல் தைப்பவர்களிடம்தான் வாங்குவோம். ஆனால் அதை உங்கள் தலையில் மட்டும் கட்டமாட்டோம், எல்லோரும் கூடிச் செய்வோம் என்றது. கேசினிக்கு அது பிடித்துப்போனது. அவளே ஓடித் திரிந்து எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள். வாங்குகிற கம்பனி, தைக்கிற கம்பனி, மலைக்குச் சொந்தமான தோட்டக் கம்பனி, கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம், மரம் வெட்டி விறகு ஏற்ற ஒப்பந்தக்காரன் பசறை புவாத்.

திட்டம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. குருவிமலை உச்சியில் வெள்ளைக்காரன் காலத்து டர்பன்டைன் மரங்கள் முற்றிப்போய் நின்றன. அவற்றை வெட்டிப் பொயிலருக்கு அனுப்புவது. அந்த இடத்தில் கிளிசரியா நடுவது. கிளிசரியா வெட்ட வெட்டத் தளிர்க்கும், ஆகவே விறகு ஒருநாளும் தீராது. எண்ணெயும் வேண்டாம், கரும்புகையும் இல்லை. கேசினி அதை ஒரு வட்டமாக வரைந்து காட்டியபோது கொழும்பில் எல்லோரும் கை தட்டினார்கள். எதுவும் வீணாகக் கூடாது என்ற விதியை எழுதியதும் அவள்தான். அந்த விதிப்படி, வெட்டின மரத்தின் அடிக்கட்டைகளைக்கூட மண்ணில் விடவில்லை. புவாத் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி லொறியில் ஏற்றினான்.

லயத்து வாசலில் பெரிய பலகை ஒன்று நட்டார்கள். ‘நாளைய பூமிக்காக ஒன்றிணைந்த பங்காளிகள்’ என்று அதில் எழுதியிருந்தது. மேல் லயத்தின் கடைசி வீடான ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த மாரியாயி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னங்க மிஸ், பங்காளின்னு எழுதியிருக்கீங்க? பங்காளின்னா ஒரு நாளைக்கு அடிச்சிக்கத்தானே செய்வாங்க?”

கேசினியும் சிரித்தாள். மாரியாயியின் புருசன் சன்னாசி, புவாத்திடம் நாட்கூலிக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தான். மகள் ஜெயகௌரி கேசினியின் தொழிற்சாலையில் அயன் பகுதியில் நின்றாள். காடு வெட்டின கையும், அதை எரித்த ஆவியில் உடுப்பு அழுத்தின கையும் ஒரே வீட்டில் இருந்தது, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல நல்ல கதையாகவும் இருந்தது.

உடுப்பு வாங்கும் கம்பனியின் வெளிநாட்டு ஆட்கள் வந்த அன்று கேசினி அவர்களை மேல் பாதையால் கூட்டிப்போகவில்லை. சேறு என்று ஒரு காரணம் சொல்லி, கீழ்ப் பாதையால் சுற்றிக் கூட்டிப்போனாள். ஒரு வாரமாக மழையே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. நரைத்த முடிக்காரப் பெண்மணி ஒருத்தி மட்டும் லயத்தைக் காட்டி, அங்கே ஆட்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தாள். இந்த வீட்டுப் பெண்கள்தான் உங்கள் சட்டைகளைத் தைக்கிறார்கள் என்று கேசினி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. மாரியாயியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போன மறுநாளே கேசினி பொது முகாமையாளர் வீரசிங்கத்தின் அறைக்குப் போனாள். அவரும் யாழ்ப்பாணத்து ஆள், தகப்பனுக்குத் தெரிந்தவர், அவளை மகள்போல நடத்துபவர்.

“சேர், நீங்கள் ஒருக்கா வந்து பாக்கவேணும். மலை வெடிச்சிருக்கு.”

“வெடிச்சால் நாங்கள் என்ன செய்யிறது பிள்ளை? மலை எங்கட இல்லையே. இரகுநாதனிட்டச் சொல்லும்.”

தோட்டத் துரை இரகுநாதன் தேநீர் கொடுத்து உபசரித்தார். மண் தோட்டத்தினுடையதுதான், ஆனால் வெட்டினது ஒப்பந்தக்காரன் அல்லவா என்றார். மண்சரிவு பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்கு எழுதலாம், ஆனால் பங்காளிகள் எல்லோரும் சம்மதித்தால்தான் எழுதலாம், ஒரு ஆள் தனித்து எழுதுவது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றார். கொழும்புத் தொண்டு நிறுவனத்தில் தொலைபேசியை எடுத்தவர் மிக அன்பாகப் பேசினார். அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுப்போம் என்றார். அடுத்த கூட்டம் தள்ளிப்போனது, பிறகு இன்னொரு தரமும் தள்ளிப்போனது. யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கிளிசரியாக் கன்றுகள் அந்தக் குளிரைத் தாங்காமல் கருகத் தொடங்கின. ஐப்பசி மழை தொடங்கியதும் புவாத் வந்தான். வழக்கமாகச் சத்தம்போட்டுப் பேசுகிறவன், அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“மிஸ், அந்தப் பாத இனி சரிவராது. நேத்து என்ட லொறி பின்வீல் அப்பிடியே எறங்கிப் போச்சு. இழுத்து எடுத்துட்டுப் பாத்தா, குழிக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. மண்ணுக்கு அடியில.”

“துரையிட்டச் சொன்னீங்களா?”

“சொன்ன. கல்லுப் போட்டு மூடச் சொன்னாரு. மூடின. காலைல பாத்தா கல்லையும் காணோம்.”

அன்று பின்னேரமே கேசினி லயத்துக்குப் போனாள். தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. லயத்துப் பீலியில் எப்போதும் கண்ணாடிபோல விழும் தண்ணீர், செம்மண் கரைத்ததுபோல விழுந்தது. பெண்கள் வாளியில் பிடித்து, தெளியட்டும் என்று வைத்துவிட்டுப் போனார்கள். மாரியாயி தன் காம்பராவின் முன்கதவை இழுத்துக் காட்டினாள். நிலையோடு சேராமல் மேல்முனை துருத்திக்கொண்டு நின்றது.

“சாத்த மாட்டேங்குது மிஸ். இவரு அடியில ரெண்டு வாட்டி சீவிட்டாரு. சீவினா மறுநாளு திருப்பிப் பிடிக்குது.”

சன்னாசி உள்ளேயிருந்து தலையை நீட்டினான். “மழைக்கு மரம் ஊதிப்போச்சி, அம்புட்டுதான். இவளுக்குத்தான் எல்லாம் பயம். மல எங்கயும் போவாதுங்க மிஸ். கீழ எறங்கி அதுக்கு என்ன வேல, கொழுந்து எடுக்கவா போவுது?”

கேசினிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தடுத்த காம்பராக்களையும் பார்த்தாள். எல்லாக் கதவுகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

மழை வலுத்தது. நாள் முழுக்க வெளிச்சமே இல்லாமல் வானம் மலையின்மேல் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கேசினி யாரிடமும் கேட்காமல் தொழிற்சாலை பஸ்ஸை எடுத்துக்கொண்டு குருவிமலைக்குப் போனாள். பின்னால் புவாத்தின் லொறி ஒன்றும் வந்தது. ஒவ்வொரு காம்பராவாகத் தட்டி, ரெண்டு நாளைக்குத்தான், மழை விட்டதும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று கெஞ்சினாள். பாதிப்பேர் அவளுக்காக வந்தார்கள், மீதிப்பேர் மற்றவர்கள் போகிறார்களே என்று வந்தார்கள். சன்னாசி கடைசியாக, ஆட்டையும் இழுத்துக்கொண்டு ஏறினான்.

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். குழந்தைகளுக்கு அது திருவிழாவாக இருந்தது. சன்னாசி சமையல்காரனோடு சிநேகமாகி வெங்காயம் உரித்துக் கொடுத்தான். பிறகு மெதுவாக நழுவிப்போய் அயன் பகுதியின் கண்ணாடி யன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே ஜெயகௌரி ஆவி பறக்கும் அயன் பெட்டியை இழுத்து இழுத்துச் சட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் கண்டுகொள்ளவில்லை.

“எம்புள்ள வேல செய்றத இன்னைக்குத்தான் பாக்குறேன் மிஸ்” என்றான். “நான் வெட்டுன மரத்துலதானே இந்த ஆவி வருது?”

“ஆமாங்க” என்றாள் கேசினி.

“பரவால்லையே” என்று தலையாட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

மறுநாள் வீரசிங்கம் அவளைக் கூப்பிட்டார். எதிரே இரகுநாதனும் உட்கார்ந்திருந்தார்.

“என்ன வேலை பிள்ளை பாத்தனீர்? ஓடர் போகவேணும். சனம் அங்க படுத்துக் கிடந்தால் வேலை செய்யிற பிள்ளையள் எங்க சாப்பிடுறது?”

“மலை வந்தால், சேர்?”

“வந்ததோ?” என்று இரகுநாதன் கேட்டார். “நேற்றையில இருந்து என்ர கொழுந்து முத்திப்போய் நிக்குது. மழையும் விட்டிட்டுது. வெளியால பாரும்.”

வெளியே உண்மையாகவே வெளித்திருந்தது. நமுனுகுலப் பக்கம் மலைமுகடுகள் கழுவித் துடைத்தாற்போலத் தெரிந்தன. கேசினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் வீணாகப் பயந்துவிட்டேனோ என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததோடு, ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை அவள் பிறகு ஒருநாளும் மன்னிக்கவில்லை.

“நீரே கொண்டுபோய் விடும்” என்றார் வீரசிங்கம். “உம்மட சொல்லுக்குத்தான் சனம் எழும்பும்.”

அப்படியே நடந்தது. அவள் சொன்னதும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினார்கள். பஸ்ஸில் இளவட்டங்கள் அவளைக் கேலி செய்தார்கள், அடுத்த மழைக்கும் கூட்டிட்டுப் போங்க மிஸ், சோறு நல்லா இருந்துச்சி என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். லயத்தில் எல்லாம் விட்டபடியே இருந்தன. மாரியாயியின் கதவு மட்டும் இப்போது அசையவே இல்லை, திறந்த வாக்கில் இறுகிப்போய் நின்றது.

மழை விட்டு மூன்று நாள் நல்ல வெயில். நான்காம் நாள் காலை, கேசினி தன் மேசையில் இருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. புவாத். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

“மிஸ், மல எறங்கிட்டு.”

“எங்க? எவ்வளவு?”

“லயத்தக் காணோம் மிஸ். நான் பாத்துட்டே இருந்த. மேல் லயம் இருந்த எடத்துல மண்ணுதான் ஈக்கி.”

அவள் எழுந்து அயன் பகுதிக்கு நடந்தாள். அங்கே வழக்கம்போல ஆவி சீறிக்கொண்டிருந்தது, வானொலியில் ஏதோ சிங்களப் பாட்டு ஓடியது. ஜெயகௌரி நிமிர்ந்து பார்த்தாள். கேசினியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அயன் பெட்டியைச் சட்டையின்மேல் வைத்தபடியே நின்றாள். துணி கருகி மணம் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்தான் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினாள்.

“அப்பா வீட்டுலதான் இருந்தாரு” என்றாள் ஜெயகௌரி. “கதவ இன்னைக்குக் கழட்டி மாட்டப் போறேன்னாரு.”

கொழுந்து எடுக்கப் போனவர்கள் பிழைத்தார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பிழைத்தார்கள். வயசானவர்களும், கைக்குழந்தையோடு வீட்டில் நின்ற பெண்களும், சன்னாசியும் பிழைக்கவில்லை. புவாத்தின் பெக்கோதான் முதலில் மண்ணைத் தோண்டியது. தோண்டின குழியின் ஓரத்தில் புவாத் தலையில் கைவைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

மிஞ்சியவர்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். கேசினி அங்கே போனபோது மாரியாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த சேலை. கொழுந்துக் கறை படிந்த விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தாள். கேசினி பக்கத்தில் உட்கார்ந்தாள். மாரியாயி அவள் பக்கம் திரும்பினாள்.

“ஒன்னே ஒன்னு கேக்கவா மிஸ்?”

“கேளுங்க.”

“கூட்டிட்டுப் போனீங்க. சோறு போட்டீங்க. அப்பறம் ஏன் திருப்பிக் கொண்டாந்து விட்டீங்க?”

கேசினியிடம் பதில் இருந்தது. முகாமையாளர் சொன்னார், துரை சொன்னார், மழை விட்டிருந்தது. அவற்றில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மாரியாயி பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தத் தடவை பங்காளிகளின் கூட்டம் தள்ளிப்போகவில்லை. பண்டாரவளை ஹோட்டலில் எல்லோரும் கூடினார்கள். ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். என்றுமில்லாத மழையால் நேர்ந்த இயற்கை அனர்த்தம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வதென்று முடிவானது. வீடு கட்டிக் கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கிக் கொடுப்பார்கள். கேசினி எழுந்து, மலை இறங்கினது மழையில் இல்லை, நல்ல வெயிலில் என்றாள். வேரைப் பிடுங்கினதால் என்றாள். பிறகு கொழும்புக்காரர் மிகவும் பரிவோடு, நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், கொஞ்சநாள் ஓய்வெடுங்கள் என்றார். வீரசிங்கம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேற்கொண்டு பேச வாயெடுப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த விஷயம், பொயிலருக்கு இனி எங்கேயிருந்து விறகு எடுப்பது என்பது.

தை மாதம் ஜெயகௌரி வேலைக்குத் திரும்பினாள். வேறு போக்கிடம் இல்லை. முதல் நாளே கேசினியின் மேசைக்கு வந்து நின்றாள்.

“என்னைய அயன்லேருந்து மாத்தி விடுங்க மிஸ். ஆவி மூஞ்சில அடிக்கிறப்ப நிக்க முடியல.”

கேசினி அவளைத் தையல் பகுதிக்கு மாற்றி வைத்தாள். அந்தத் தொழிற்சாலையில் அவள் செய்து முடித்த கடைசி வேலை அதுதான். அன்று பின்னேரமே வேலையை விட்டுவிட்டாள். தகப்பன் காரணம் கேட்டார். சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு புவாத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“மிஸ், நமுனுகுலப் பக்கம் விறகுக்கு மல ஒன்டு பேசியிருக்காங்க. நாள மறுநாள் வெட்டத் தொடங்குற. கீழ லயம் ஈக்கி. நான் போகல்லாட்டி வேற ஆள் போவான். அதான் உங்களுக்குச் சொல்ற.”

கேசினி மறுநாள் காலையிலேயே மண்சரிவு பார்க்கிற அலுவலகத்தின் வாசலில் போய் நின்றாள். யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். யார் சார்பிலும் இல்லை, முந்தின மலையை வெட்ட வைத்தவள் நான்தான் என்றாள். அங்கேயிருந்த இளம் அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னார். அன்று முழுக்க அலைந்த பிறகு, மறுநாள் அவரும் இன்னொருவரும் அவளோடு ஜீப்பில் அந்த நமுனுகுல மலைக்கு வந்தார்கள். சரிவை அளந்தார்கள், மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். லயத்துக்கு நேர் மேலேயுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று சிவப்புக் கொடி நட்டார்கள். லயத்துச் சனம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, இது என்னத்துக்குங்க கொடி என்று கேட்டாள். கேசினி தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குருவிமலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் முதலிலிருந்து சொன்னாள்.

சொல்லி முடித்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தபோது காற்று திசை மாறி வீசியது. மலையின் மறுபக்கத்தில், கொடி நடாத பக்கத்தில், மரம் அறுக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் தொடங்கியது.

“அந்தப் பக்கம் கீழே யாராவது இருக்கிறாங்களா?” என்று அதிகாரி கேட்டார்.

கேசினிக்குத் தெரியாது. ஜீப்பைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, சத்தம் வந்த திசையில் ஏறத் தொடங்கினாள்.